வழீஃபாவும் வைத்தியமும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

இன்றைய நிகழ்ச்சி நிரலில் வரவு செலவுக் கணக்கிற்குப் பின்னர் ஒரு தீர்மானம் இடம்பெற்றுள்ளது. பேரதிர்ச்சியால் மனம் காயமுற்றவர்களின் சிகிச்சைக்காக நமது மதரஸாவின் மாடியறையை வாரத்தில் இரண்டு முற்பகல்கள் ஒதுக்குவது என்பதே அது. அங்கு வரவிருப்பவர் 'ஆக்குபேஷனல் தெரபி' என்னும் துறையில் பட்டம் பெற்ற ஒரு சகோதரி. இச்செய்தி வெளியான நாள்முதல் பலர் என்னிடம் வினவிய வண்ணம் உள்ளனர். "பள்ளிவாசல் என்ன ஆஸ்பத்திரியா ஹஜ்ரத்?" என்றார் ஒருவர். "வேலைவாய்ப்பு ஆபீஸ் திறக்கிறீர்களாமே, என் மகன் பெயரையும் பதிந்து கொள்ளுங்கள்" என்றார் மற்றொருவர். அவர் மீது குற்றமில்லை. அத்துறையின் பெயர் அப்படி அமைந்துவிட்டது. இவ்விருவருக்கும் பதில் கூறும் பொறுப்பை நிர்வாகக் குழு என்னிடம் ஒப்படைத்துள்ளது.

துன்பம் நேர்ந்த நாளில் ஓடிச் சென்று உதவுவதில் நம் ஜமாஅத்துகள் குறைவுடையன அல்ல. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபோது நான் ஓதி முடித்து ஸனது பெற்ற புதிது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் அதிகமானோர் மாண்டனர். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், வீடிழந்து வந்த மீனவ மக்களுக்குத் திருமண மண்டபங்களில் இடமளித்து, சமைத்து உணவளித்ததை மாற்று மதத்தவரும் இன்றளவும் நன்றியுடன் நினைவுகூருகின்றனர். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோதும் இக்கடற்கரை நெடுகிலும் இளைஞர்கள் தார்ப்பாயும் அரிசியும் சுமந்து சென்றனர். மய்யித்தைக் குளிப்பாட்டுவது, கபனிடுவது, அடக்கம் செய்வது, மூன்று நாள் சோறாக்கி அனுப்புவது ஆகிய இவையெல்லாம் நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியவை அல்ல.

அதன் பின்னர் என்ன என்பதுதான் கேள்வி. அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, பந்தல் பிரித்த பிறகு, காயமுற்றவர் தம் வீட்டிற்குள் தனியே இருக்கின்றார். அவரை நாம் அறிவதில்லை.

நம் மஹல்லாவில் நான் கண்ட மூவரைக் குறித்து, அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றிக் கூறுகின்றேன். ஒருவர் அந்த அலையில் மகளைப் பறிகொடுத்தவர். இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் நம் ஹவுளின் ஓரத்தில் அமர்ந்து ஒளு செய்ய அவரால் இயலாது. முகத்தில் நீர் படும்போது மூச்சு அடைக்கின்றது என்கிறார். அதனாலேயே பள்ளிக்கு வருவதைக் குறைத்துக் கொண்டார். இன்னொருவர் சாலை விபத்தில் மகனை இழந்த தாய். எட்டு மாதங்களாக அவ்வீட்டு அடுப்பு எரியவில்லை. அடுத்த வீட்டிலிருந்து வரும் சோற்றைத்தான் மீதிப் பிள்ளைகள் உண்கின்றனர். மூன்றாமவர் வளைகுடாவிலிருந்து திரும்பிய வாலிபர். கட்டுமானப் பணியில் உடன் வேலை செய்தவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்ததை நேரில் கண்டவர். நம் ஒலிபெருக்கி ஒரு கணம் கிறீச்சிட்டால் போதும், தொழுகையை விட்டுவிட்டு வெளியேறிவிடுகின்றார். ஜின் பிடித்திருக்கிறது என்று கூறி அவரை மூன்று ஊர்களுக்கு அழைத்துச் சென்று ஓதிப் பார்த்தனர்.

மருத்துவ அறிவு இதனை எவ்வாறு விளக்குகின்றது? உயிருக்கே ஆபத்து என்னும் நிலையை ஒருவர் அனுபவித்தாலோ கண்ணெதிரே கண்டாலோ, உடல் ஓடுவதற்கும் போராடுவதற்கும் ஆயத்தமாகின்றது. இதயம் விரைந்து துடிக்கின்றது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்து நீங்கியதும் இவை அடங்கிவிட வேண்டும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கியும் விடுகின்றது. சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கடந்தும் அடங்குவதில்லை. நடந்து முடிந்தது இப்பொழுதே நடப்பது போல் மீண்டும் மீண்டும் வருகின்றது. உறக்கம் கலைகின்றது, சிறு ஓசைக்கும் உடல் தூக்கிப்போடுகின்றது. அதனை நினைவூட்டும் இடத்தையும் பொருளையும் அவர் விலக்கத் தொடங்குகின்றார். ஒன்றை விலக்கினார், பின்னர் இரண்டை விலக்கினார், இறுதியில் வாழ்க்கையையே விலக்கிக்கொண்டு ஓர் அறைக்குள் அடைந்து கிடக்கின்றார். இது ஒரு காயம். பேரதிர்ச்சியால் விளைந்த மனக்காயம்.

இந்நிலையில் இருப்பவரிடம் நாம் சென்று கூறுவது என்ன? "ஸப்ர் செய்யுங்கள்." அதுவும் போதாதென்று, "ஈமான் உறுதியாக இருந்தால் இப்படி ஆகுமா?" என்று சிலர் கேட்டுவிடுகின்றனர். சகோதரர்களே, யஃகூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை யூஸுஃப் அத்தியாயத்தில் நாம் ஓதுகின்றோம். மகனைப் பிரிந்த துயரத்தால் அன்னாரின் கண்கள் வெளுத்துப் போனதாக அல்லாஹ்வே அறிவிக்கின்றான். அழகிய பொறுமைக்கு நாம் எடுத்துக்காட்டாகக் கூறும் நபி அவர்கள்! பொறுமை இருந்தது, கண்ணீரும் இருந்தது, உடலில் பாதிப்பும் வந்தது. இன்னுமா யூஸுஃபை நினைத்துக் கொண்டிருக்கிறீர்கள் என்று அவர்களை இடித்துரைத்தவர்கள் யார்? அந்தக் குற்றத்தைச் செய்த பிள்ளைகள்தாம். மூஸா நபி (அலை) அவர்களின் அன்னைக்கோ குழந்தை திரும்பக் கிடைக்கும் என்று அல்லாஹ்வே வாக்களித்திருந்தான். அவ்வாறிருந்தும் அத்தாயின் உள்ளம் வெறுமையாகிப் போனதைக் குர்ஆன் மறைக்கவில்லை.

மற்றொரு செய்தியையும் எண்ணிப் பாருங்கள். ஒரு பயணத்தில் தலையில் காயமுற்றிருந்த ஒருவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ள எனக்கு இடமுண்டா என்று அவர் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது இடமில்லை என்று உடனிருந்தோர் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியபோது, அவ்வாறு சொன்னவர்களே அவரைக் கொன்றுவிட்டதாக மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்கலாகாதா என்றும் வினவினார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள இந்த ஹதீஸை நாம் ஒளுவின் சட்டப் பாடத்தில் ஓதிவிட்டுக் கடந்து செல்கின்றோம். காயத்தைப் பாராமல் சட்டம் சொல்வது ஒருவரைக் கொல்லக்கூடும் என்னும் எச்சரிக்கை அதில் உள்ளது. தலையின் வெளியே உள்ள காயத்திற்கு இந்த அளவு என்றால், உள்ளே உள்ள காயத்திற்கு?

இனி, ஆக்குபேஷனல் தெரபி என்பது யாது எனக் காண்போம். தமிழில் இதனைத் தொழில்வழிச் சிகிச்சை என எழுதுகின்றனர். இங்கே தொழில் என்பது சம்பாத்தியத்தை மட்டும் குறிப்பதன்று. பல் துலக்குவது, தலை வாருவது, சோறு பொங்குவது, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது, கடைக்குச் செல்வது, தொழுவது என ஒரு மனிதர் தம் நாளில் செய்யும் செயல்கள் அனைத்தும் அதில் அடங்கும். நோயாலோ விபத்தாலோ அதிர்ச்சியாலோ இச்செயல்கள் கைநழுவிப் போனவருக்கு, செயல்களைக் கொண்டே அவற்றை மீட்டுத் தருவது இத்துறையின் பணி. அரபு மொழியில் இதற்கு வழங்கும் பெயரைக் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது: 'அல் இலாஜுல் வழீஃபீ'. நாம் ஃபஜ்ருக்குப் பின்னும் மஃரிபுக்குப் பின்னும் ஓதும் வழீஃபா இருக்கிறதே, அதே சொல்தான். ஒருவர் மீது குறித்த நேரத்தில் பொறுப்பாக்கப்பட்ட செயல் என்பது அச்சொல்லின் பொருள்.

வரலாறு நெடியது; சுருக்கமாகக் கூறுகின்றேன். மனநோயாளிகளைச் சங்கிலியில் பூட்டி வைத்திருந்த காலத்தில், இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796ஆம் ஆண்டு வில்லியம் டியூக் என்பவர் ஓர் இல்லம் திறந்தார். அவர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். தோட்ட வேலை, தையல், வழிபாடு, கனிவான பேச்சு ஆகியவற்றால் நோயாளிகளைத் தேற்றினர். முதல் உலகப்போரின் குண்டுமழையில் மனம் சிதைந்த அதிகாரிகளை, எடின்பரோவின் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் ஆர்தர் பிராக் என்னும் மருத்துவர் படுக்கையில் கிடக்க விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தவும், பத்திரிகை நடத்தவும், ஊருக்குள் சென்று மனிதரோடு பழகவும் செய்தார். 1917இல் அமெரிக்காவில் இத்துறைக்கெனச் சங்கம் அமைந்தது. நம் நாட்டில் 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான முதல் பள்ளியைத் தொடங்கிய கமலா நிம்ப்கர் அம்மையாரும் அமெரிக்கக் குவேக்கர் குடும்பத்தில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கு வந்தவரே. இன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட பல இடங்களில் இப்பட்டப்படிப்பு உள்ளது.

நம் முன்னோர்க்கும் இதில் பங்குண்டு. ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல் பல்கீ அவர்கள், உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார்கள். உடலைப் பார்க்கும் வைத்தியர் உள்ளத்தையும் பார்க்க வேண்டும் என்பது அன்னாரின் வாதம். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய பெரும் மருத்துவமனை வக்ஃபு சொத்தின் வருமானத்தில் நடந்தது. அதில் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. எனினும், எந்தக் கலையைக் கண்டாலும் இது எங்களிடமிருந்து சென்றது என்று மேடையில் பெருமை பேசும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் மருத்துவமனைக்கு வக்ஃபு செய்தார்கள். நாம் வக்ஃபுக் கடைகளின் வாடகை வழக்கை நடத்திக் கொண்டிருக்கிறோம்.

சிகிச்சை எவ்வாறு நடைபெறும் என்பதை அச்சகோதரியிடம் இரண்டு முறை விரிவாகக் கேட்டறிந்தேன். முதல் நாளில் அதிர்ச்சி தந்த நிகழ்ச்சியைச் சொல்லும்படி அவர் வற்புறுத்துவதில்லை. "நேற்று எழுந்தது முதல் உறங்கியது வரை என்ன செய்தீர்கள்?" என்றே கேட்பாராம். மனக்காயமுற்றவருக்கு இந்த எளிய கேள்விக்கு விடை இராது. காலை, பகல், மாலை என்னும் பிரிவே இன்றி அவரது நாள் ஒரே கட்டியாகக் கிடக்கும். இதனைக் கேட்டதும், அல்லாஹ் நம் நாளை ஐந்து வேளைகளால் வகுத்து வைத்துள்ளதை எண்ணினேன். சிதைந்த நாளைத் திரும்பக் கட்ட ஒரு முஸ்லிமுக்கு ஐந்து முளைகள் ஏற்கெனவே அடிக்கப்பட்டுள்ளன. பாங்கொலி கேட்டு எழுந்து முகம் கழுவினாலே அன்றைய நாளுக்கு ஒரு தொடக்கம் கிடைத்துவிடுகின்றது.

அடுத்து, ஒரு செயலைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. மகனை இழந்த அத்தாயிடம் சென்று "எழுந்து சமையுங்கள்" என்றால் அவரால் இயலாது. சமையல் என்பது நமக்கு ஒரு வேலை. அவருக்கு அது நாற்பது வேலை. மேலும் அந்த அடுப்படியில் மகனின் தட்டு இருக்கின்றது. ஆகவே முதல் வாரம் ஒரு தம்ளரைக் கழுவி வைப்பது மட்டும். பின்னர் வெந்நீர் வைப்பது. பின்னர் தமக்கு ஒரு தேநீர். சில நாள் கழித்து வந்தவருக்கும் ஒரு தேநீர். வீட்டு அடுப்படி கடினமாக இருந்தால் வேறிடத்தில் தொடங்கலாம் என்றார் அச்சகோதரி. ரமளானில் நம் பள்ளியின் நோன்புக் கஞ்சிக்குப் பூண்டு உரிப்பதும் வெந்தயம் புடைப்பதும் பெண்கள் கூடிச் செய்யும் வேலை. அங்கே அவர் பேச வேண்டியதில்லை. கை மட்டும் வேலை செய்தால் போதும். பக்கத்தில் பத்துப் பெண்கள் இருப்பர். இதனைக் கேட்டபோது ஆயிஷா (ரலி) அன்னையாரின் வழக்கம் நினைவுக்கு வந்தது. தம் உறவினர் எவரேனும் இறந்துவிட்டால், கூடியிருந்த பெண்கள் கலைந்த பின் தல்பீனா என்னும் கஞ்சியைக் காய்ச்சச் செய்வார்கள்; அது துயருற்ற உள்ளத்திற்கு ஆறுதல் தரும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாகவும் அறிவிப்பார்கள். புகாரியில் உள்ள செய்தி இது.

வாலிபருக்கு வேறு வழி. அவர் அஞ்சுவது ஓசையை. குறிப்பாகத் தாம் எதிர்பாராத ஓசையை. முதலில் ஓசையற்ற வேலை: நம் மாடியறையில் கட்டவிழ்ந்து கிடக்கும் குர்ஆன் பிரதிகளை ஒட்டித் தைத்து அட்டை போடுவது. பொறுமையும் அளவும் தேவைப்படும் வேலை. முடிந்ததும் கையில் ஒரு முழுமையான பொருள் இருக்கும். சில வாரங்கள் சென்றபின் சிறு சுத்தியலால் ஆணியடிப்பது. அந்த ஓசையை எழுப்புபவர் அவரே. இறுதியில் நம் ஒலிபெருக்கிக் கருவியின் விசைகளையே அவர் கையில் கொடுக்கலாம் என்று அச்சகோதரி கூறியபோது, மோதினார் அவர்கள் சற்றுத் தயங்கினார்கள். தயக்கம் கருவியைப் பற்றியது. அதன் விலை அவர்களுக்குத் தெரியும்.

ஒளு செய்ய இயலாத பெரியவரின் நிலை நுட்பமானது. இதில் மருத்துவமும் ஃபிக்ஹும் கை கோக்க வேண்டியுள்ளது. ஒளு என்பதைச் சிகிச்சையாளர் படிகளாகப் பிரிக்கின்றார். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, தலை, பாதம். இவற்றுள் அவரைத் திணறச் செய்வது மூக்கும் முகமுமே. ஹவுளின் நீர்ப்பரப்பைப் பார்ப்பதும் அவருக்குக் கடினம். எனவே வீட்டில், ஒரு சிறு செம்பில், அமர்ந்த நிலையில், கைகளில் தொடங்குவது. பின்னர் நீரைக் கையில் ஏந்தி முகத்தில் மெதுவாகப் பூசுவது. முகத்தின் எல்லா இடத்திலும் நீர் வழிந்தாலே ஃபர்ளு நிறைவேறிவிடும். வாரி இறைக்க வேண்டியதில்லை. வாய் கொப்பளிப்பதும் மூக்கிற்கு நீர் செலுத்துவதும் நம் ஷாஃபிஈ மத்ஹபில் ஒளுவின் ஸுன்னத்துகள். அவற்றை இப்போதைக்கு விட்டுவிட்டாலும் ஒளு கூடும். இவ்விளக்கத்தை அப்பெரியவரிடம் கூறியபோது, "இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே ஹஜ்ரத்" என்றார். நீர் பட்டாலே நோய் மிகும் என்று நம்பத்தகுந்த மருத்துவர் கூறும் நிலையில் இருப்பவருக்குத் தயம்மும் என்னும் சலுகையும் ஷரீஅத்தில் உண்டு. அதனை ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே விசாரித்துத்தான் கூற முடியும். இங்கிருந்து பொது ஃபத்வாவாக நான் அறிவிக்கவில்லை. எவரும் அவ்வாறு எடுத்துச் செல்லவும் வேண்டாம்.

தொழுகையிலும் இவ்வாறே. நின்று இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழ அனுமதி உண்டென்பது குழந்தைகளும் அறிந்த சட்டம். அந்த அனுமதி முழங்கால் வலிக்கு மட்டும் உரியதென நாமே சுருக்கிக் கொண்டோம். கூட்டத்தின் நடுவில் நின்றால் மூச்சு முட்டுபவருக்குக் கடைசி ஸஃப்பில் வாசலருகே ஓர் இடத்தை விட்டுவைப்பதில் நமக்கு என்ன நட்டம்? "முன்னே வாருங்கள், ஸஃப்பை நிரப்புங்கள்" என்று தோளைப் பிடித்து இழுக்கும் அன்பர்கள், அவர்களது ஆர்வத்திற்கு அல்லாஹ் கூலி தருவானாக, சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றில் ஓர் இடம் இச்சிகிச்சைக்கு மிக நெருக்கமானது. பிரசவ வேதனை, தனிமை, ஊரார் கூறப்போகும் பழி. இதற்கு முன்பே இறந்து போயிருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்கிய நேரம் அது. அந்நேரத்தில் பேரீச்ச மரத்தின் அடியைப் பிடித்து உலுக்கும்படி கட்டளை வந்தது. பேரீச்ச மரத்தை வலிமை மிக்க ஆண்களாலும் அசைத்துவிட முடியாது. கனியைத் தானாக உதிரச் செய்வது அல்லாஹ்வுக்கு இயலாததும் அன்று. எனினும் அவர்களது கைக்கு ஒரு வேலை கொடுத்தான். பின்னர் உண்ணவும் பருகவும் கூறினான். கையளவில் செய்யக்கூடிய ஒன்று, உணவு, நீர், ஆறுதல். நமக்கு நாமே வகுத்துக்கொண்ட உபதேசங்களில் இந்த வரிசை எங்கே போயிற்று?

ஈமானை இச்சிகிச்சையுடன் இணைப்பது என்றால், யாருடைய ஈமானை? இதில் தெளிவு வேண்டும். சிகிச்சையாளரின் நம்பிக்கையும் அன்று, இமாமின் விருப்பமும் அன்று. நோயுற்றவரின் உள்ளத்தில் உள்ளதை. கனடா நாட்டுத் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் 1997இல் வெளியிட்ட தங்கள் வழிகாட்டும் முறையில், மனிதரின் நடுவே ஆன்மிகத்தை வைத்தனர். உடல், மனம், செயல் யாவும் அதனைச் சுற்றி அமைகின்றன. நோயாளி எதற்காக எழ விரும்புகின்றார் என்பது தெரியாமல் அவரை எழுப்ப முடியாது என்பது அதன் பொருள். ஒருவர் பள்ளிக்கு வர வேண்டும் என்பதற்காக எழுவார். ஒருவர் பேரனுக்காக எழுவார். தொழுகையே தமக்கு அச்சமூட்டுவதாக ஒருவர் கூறினால், அவரைத் தொழுகையாளியாக்கிக் காட்டும் களமாக மாடியறை மாறிவிடக் கூடாது. அங்கு வருவோரின் வருகைப் பதிவில் தொழுகைக் கணக்கு எழுதும் கட்டம் இராது. மீனவக் குப்பத்திலிருந்து மாற்று மதச் சகோதரர் வந்தால், அவருக்கு அவருடைய வழிபாடே ஊன்றுகோல். நமது கஞ்சியும் கைவேலையும் அவருக்கும் உண்டு.

இப்பொழுது ஓர் எச்சரிக்கை. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி நடத்தப்பட்ட ஒரு தனியார் விடுதியில் தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியின்றிக் கருகினர். நம்பிக்கையோடு அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 95ஆவது பிரிவில், எவரையும் எவ்வகையிலும் சங்கிலியில் பிணைப்பதைத் தடை செய்துள்ளது. குஜராத்தின் உனாவா ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில் 2008 முதல் 'தவா - துஆ' என்னும் திட்டத்தின் வழியே, துஆவுக்கு வருபவரை மனநல மருத்துவரும் அங்கேயே பார்க்கின்றார். பின்னர் ஏர்வாடியிலும் அவ்வழி பின்பற்றப்பட்டது. துஆவை நிறுத்தச் சொல்லவில்லை, தவாவை மறுக்கவும் விடவில்லை.

ஆகவே மாடியறையில் எவையெல்லாம் நடைபெறா என்பதையும் கூறிவிடுகின்றேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை எவரும் நிறுத்தச் சொல்லமாட்டார். திக்ரும் தஸ்பீஹும் மனம் அமைதியுறத் துணை நிற்கும். மருந்தின் இடத்தை அவை பிடிக்கும் என்று நான் கூறமாட்டேன். பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் தேவைப்படுவோர் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்பப்படுவர். உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் தோன்றுவதாக ஒருவர் கூறினால், அன்றைய தினமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இமாமின் அறையில் உட்கார வைத்து நாளை பார்ப்போம் என்று சொல்லலாகாது. 14416 என்னும் அரசின் 'டெலி மானஸ்' எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். இவ்வெண்ணை நம் அறிவிப்புப் பலகையில், ஸஹர் இஃப்தார் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லியுள்ளேன்.

பள்ளிவாசல் ஆஸ்பத்திரியா என்று வினவிய சகோதரருக்கு இப்பொழுது பதில் கூறுகின்றேன். அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பினால் காயமுற்றபோது, அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் தம் பள்ளிவாசலிலேயே அவர்களுக்குக் கூடாரம் அமைத்தார்கள். அங்கு காயமுற்றோருக்குப் பணிவிடை செய்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் பெயரை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். நாம் கேட்பதோ பள்ளிக்கு வெளியே உள்ள மாடியறையை.

அச்சகோதரி நம் மார்க்கத்தவர் அல்லரே என்றும் சிலர் கேட்டனர். ஹிஜ்ரத்தின்போது, உயிருக்கே விலை வைக்கப்பட்டிருந்த வேளையில், வழிகாட்டியாக நபி (ஸல்) அவர்கள் அமர்த்திக் கொண்டவர் இஸ்லாத்தை ஏற்றிராத ஒருவர். வழி தெரிந்தவர், நாணயமானவர் என்பதே அங்கு பார்க்கப்பட்டது. எனினும் ஒழுங்குகள் உண்டு: பெண்களுக்கு ஒரு நாள், ஆண்களுக்கு மற்றொரு நாள். ஆண்களின் நாளில் கதவு திறந்திருக்கும். ஜமாஅத்தின் முதியவர் ஒருவர் அங்கே இருப்பார். அவர் அங்கு காண்பதும் கேட்பதும் அமானிதம். தேநீர்க் கடையில் அது செய்தியானால் மறுவாரம் எவரும் வரமாட்டார்கள்.

செலவு குறித்து ஒரு சொல். சிகிச்சையாளரின் ஊதியத்தையும் பொருட்செலவையும் ஜகாத் நிதியிலிருந்து எடுக்கலாகாது. பொது நன்கொடையிலிருந்தும் ஸதகாவிலிருந்துமே கொடுக்க வேண்டும். ஏழை நோயாளிக்கு ஜகாத்தை அவரது உரிமையாகவே கையில் கொடுத்துவிட்டால், பேருந்துக் கட்டணத்திற்கும் மருந்திற்கும் அவர் செலவிட்டுக் கொள்ளலாம். இவ்விரண்டையும் ஒரே பேரேட்டில் எழுத வேண்டாம் என்று பொருளாளர் அவர்களைக் கேட்டுக் கொள்கின்றேன்.

இதில் எவ்வளவு பேர் குணமடைவர் என்று உங்களுக்கு உறுதி கூற என்னால் இயலாது. சிலர் இரண்டு மாதத்தில் தேறுவர். சிலர் ஆண்டுக்கணக்கில் வருவர். சிலர் ஒரு நாள் வந்து பின்னர் வராமலே போவர். ஓராண்டு நடத்திப் பார்த்து, அடுத்த பொதுக்குழுவில் கணக்கோடு இதனையும் வைத்துப் பேசுவோம் என்றே தீர்மானம் எழுதப்பட்டுள்ளது.

மாடியறைக்குத் தேவையானவை: கோரைப்பாய் முடையும் சட்டம் ஒன்று, தையல் எந்திரம் இரண்டு, கேஸ் அடுப்பும் சிறு பாத்திரங்களும், புத்தகம் கட்டும் நூல், ஊசி, பசை, அட்டை. பாய் முடையத் தெரிந்த மூத்த தாய்மார்கள் இருவர் கற்றுக்கொடுக்க முன்வந்துள்ளனர். படியேற இயலாதவர்களுக்காகக் கீழே பழைய நூலக அறையைக் காலி செய்து தர முடியுமா என்பதை நிர்வாகக் குழு ஆராய வேண்டும். வீட்டில் எவருக்கேனும் இச்சிகிச்சை தேவை எனக் கருதுவோர் அஸருக்குப் பின் என்னைத் தனியே சந்திக்கலாம். பெண்கள் மதரஸாவின் ஆலிமாவிடம் கூறலாம். பெயரை நோட்டில் எழுதமாட்டோம்.

தீர்மானத்தைச் செயலாளர் அவர்கள் இப்பொழுது வாசிப்பார்கள்.